காலையில் வரும் ஆறு எண்கள்

நான் பார்க்கும் வேலை என்னவென்று என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டு அலுத்துப் போய் ஒருநாள், "சுருக்கமாச் சொல்லுமா" என்றார். வேலைக்கு வருகிறவர்களை உள்ளே விடுகிறேன், போகிறவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறேன் என்றேன். "அப்ப ஜாகா வேலைன்னு சொல்லு. அதுக்கா உன்னைப் பாலிடெக்னிக்கெல்லாம் படிக்க வெச்சோம்?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பில்லை. ஜாகா என்கிற காவல்காரர் வாசலில் நிற்கிறார், நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் நிறுவனம் கப்பல் பழுது பார்ப்பது. பட்டறை மேற்கே கடலோரம் இருக்கிறது. கணினி வேலை பார்க்கும் நாங்கள் மட்டும் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், ஏசிக் குளிரில் இருக்கிறோம். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் மனிதவளப் பிரிவில் அவர் பெயரை ஒரே ஒருமுறை ஏற்றுவார்கள். அதற்கப்புறம் எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மின்னஞ்சல், வாசல் அட்டை, கைபேசியில் வருகைப்பதிவு, பாதுகாப்புப் பாடம் எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். ஆள் விலகினால் எல்லாம் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் உடனே அழித்துவிட மாட்டோம். ஓராண்டு முடக்கி வைப்போம். அந்த ஓராண்டும் அவர் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இப்படி முடங்கிக் கிடந்த ஒரு கணக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவருடையது. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து, படிப்படியாக மேலே வந்து, செம்பவாங்கில் வீடு எடுத்துக் குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம். கடவுச்சொல் காலாவதியாகும்போதெல்லாம் தவறாமல் என் மேசைக்குத்தான் போன் செய்வார்.

"தங்கச்சி, மறுபடியும் வெளிய தள்ளிடுச்சு லா."

"மாத்தச் சொல்லி மூணு மெயில் வந்துச்சே அண்ணே, பாக்கலையா?"

"மெயில் பாக்கணும்னா உள்ள போகணும்ல? நான்தான் வாசல்லயே நிக்கிறேனே. உள்ள விடுங்க தங்கச்சி."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. எனக்கு எளிதில் கோபம் வரும், அலுவலகம் முழுவதும் தெரியும். அவரிடம் மட்டும் கோபப்பட முடிந்ததில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் மென்பொருள் அவர் கணக்கை மூடியது. விலகியதற்குக் காரணம் என்ற இடத்தில் ராஜினாமா, ஒப்பந்த முடிவு என்று வரிசையாக இருக்கும் சொற்களில் மரணமும் ஒன்று. யாரோ அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் அந்த வரியைப் பார்த்தபடி வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சீனர்களின் ஏழாம் மாதம் அது, செத்தவர்கள் திரும்பி வருவதாக அவர்கள் நம்பும் மாதம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே தகரத் தொட்டிகளில் காகிதப் பணம் எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் பறந்து என் சுடிதாரில் ஒட்டியதைத் தட்டிவிட்டபடி அலுவலகம் போனேன். திரையைத் திறந்தால் அவர் பெயர் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் கணக்கு உயிரோடு இருக்கிறது, ஆள் வேலையில் இருக்கிறார் என்று பொருள். பக்கத்தில் அவருடைய அதே புகைப்படம். மஞ்சள் தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று நிற்கும் முகம்.

பேய் என்று ஒன்று கிடையாது என்று சின்ன வயதில் மதரசாவில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜின் உண்டு என்றும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் பயப்படாமல் இருக்க எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. பக்கத்து மேசைச் சீன நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மரண விவரத்தையும் பச்சைப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதம் முடியும்வரை தான் அதைத் தொடப்போவதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காப்பி வாங்கக் கீழே போய்விட்டார். பெரிய படிப்பெல்லாம் படித்த மனிதர்.

அப்போதுதான் என் மேசைத் தொலைபேசி அடித்தது. அழைப்பவர் பெயர் தெரியும் சின்னத் திரையில் அவர் பெயர் இருந்தது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. காதில் வைத்தேன். ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"தங்கச்சிங்களா? உங்க நம்பரை அவரு 'உள்ள விடற தங்கச்சி'ன்னு போட்டு வெச்சிருக்காரு. நான் அவரு வீட்டுக்காரம்மா பேசறேன்."

உயிர் திரும்பி வந்தது. கணவருடைய கைபேசியிலிருந்து மனைவி பேசுகிறார். எண் அவருடையது, கணக்கு மறுபடி உயிர் பெற்றிருந்ததால் பெயரும் வந்துவிட்டது. சொல்லுங்கக்கா என்றேன்.

"ஒண்ணுமில்ல. இந்த வாரம் பூராவும் காலையில, வேலைக்குக் கெளம்புற நேரத்துக்கு, இந்தப் போனுக்கு ஆறு நம்பர் வருது. ஓடிபின்னு போட்டிருக்கு. உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு. முன்னாடி அவரு உள்ள போறப்ப வருமே, அதே மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு உள்ள வர முடியாம வாசல்ல நிக்கிறாரு போல இருக்கு. இந்த நம்பரை நான் யாருக்கிட்ட சொல்லணும்?"

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் அக்கா என்று எப்படியோ சொல்லி வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கக் காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அந்த வாரம் புதிதாக ஒருவர் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வெல்டர். இறந்தவருக்கும் இவருக்கும் ஒரே பெயர். அப்பா பெயரும் ஒன்று. பிறந்த தேதியும் ஒன்று. மூன்றும் ஒத்துப்போனதால், பழைய ஆள்தான் திரும்பி வந்திருக்கிறார் என்று மென்பொருள் முடிவு செய்து, மூடிய கணக்கைத் திறந்து இவரிடம் கொடுத்துவிட்டது. வேலை அனுமதி எண் இருந்தால் அதை வைத்து வேறு ஆள் என்று கண்டிருக்கும். ஆனால் ஆள் வந்து இறங்குவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று மேலிடம் அவசரப்பட்டதால், அந்த எண் வரும் முன்பே பெயர்கள் ஏறிவிடுகின்றன.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் இரண்டு பேருக்கு ஒன்றாக அமையாது என்று விதி எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. ஒரே குலசாமியைக் கும்பிடும் சனம் நாலு ஊரில் பரவியிருந்தால், அந்தச் சாமியின் பெயர் அப்பனுக்கும் மகனுக்கும் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். பிறந்த தேதியோ இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வயது சரியாக வரும்படி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொடுப்பார். அவர் கைக்கு வந்த தேதி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பிறந்த நாளாகிவிடும். என்னைப் பெற்ற அத்தாவுக்கே கடவுச்சீட்டில் ஒரு பிறந்த நாள், பெரியம்மா வாயில் ஒரு பிறந்த நாள். இதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். என்னை யார் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்?

கணக்கு திறந்தபோது, அதில் பதிந்திருந்த பழைய கைபேசி எண்ணும் கூடவே வந்துவிட்டது. ஆகவே வெல்டர் பட்டறை வாசலில் நின்று கைபேசி வழியே உள்ளே நுழைய முயலும்போதெல்லாம், அதை உறுதி செய்யும் ஆறு எண்கள் செம்பவாங்கில் ஒரு வீட்டில் போய் விழுந்தன. இவர் இங்கே காத்திருப்பார், அங்கே அந்த அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒப்பந்தக்காரரிடம் எண் வாங்கி அந்த வெல்டருக்குப் போன் செய்தேன். குரல் வேறாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் செய்தேன். வேறாகத்தான் இருந்தது, கரகரத்த குரல்.

"மேடம், ஓடிபி வரவே மாட்டேங்குது மேடம். பாடத்தை முடிச்சாத்தான் கப்பல்ல ஏத்துவாங்களாம். எல்லாரும் ஏறிட்டாங்க, நான் மட்டும் ஷெட்டுல உக்காந்திருக்கேன். அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஊருக்கு அனுப்பிடுவேங்கறாரு ஏஜென்ட்டு."

என்ன நடந்தது என்று சொன்னேன். "செத்தவரு பேர்லயா மேடம் நான் இத்தனை நாளா உள்ள போகப் பாத்தேன்?" என்றார். அவருக்கும் பயம் வந்துவிட்டது.

தீர்வு எளிமையானதுதான். பழைய கணக்கு இருக்கும்வரை மென்பொருள் இவரை அதனோடுதான் ஒட்ட வைக்கும். அதை அடியோடு அழித்தால் இவருக்குத் தனிக் கணக்கு பிறக்கும். மத்தியானத்துக்குள் அனுமதி வாங்கிவிட்டேன். ஆனால் அழிப்பதைத் திங்கட்கிழமை காலைதான் செய்ய முடியும். அதுவரை யாரும் தவறாகப் பயன்படுத்த முடியாதபடி அந்தக் கணக்கிலிருந்து மின்னஞ்சல், அனுமதி என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரு பெயரும் ஒரு வாசலும்தான்.

இனி அந்த எண்கள் வராது என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். நிறுவன வழக்கப்படி குடும்பத்தாரிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டேன்.

"அக்கா, அது அண்ணன் இல்ல. அதே பேர்ல இன்னொருத்தர் வந்திருக்காரு. கம்ப்யூட்டர் மாத்தி எடுத்துக்கிச்சு."

"அதே பேரா?"

"ஆமாக்கா."

"அவங்கப்பா பேரு?"

"அதுவும் அதேதான்."

"பொறந்த தேதி?"

"அதுவும் ஒண்ணுதான்க்கா."

அந்தப் பக்கம் எங்கேயோ லிஃப்ட் கதவு மூடும் ஓசை கேட்டது.

"அப்புறம் எப்படி தங்கச்சி அவரு இல்லைங்கறீங்க?"

எங்கள் மென்பொருள் கேட்ட மூன்று கேள்விகளைத்தான் அவரும் கேட்டார். அதே முடிவுக்குத்தான் வந்தார். அதற்கு மேல் ஒரு ஆளை அவர்தான் என்று சொல்ல என்ன வேண்டும் என்று எனக்கே அந்த நிமிடத்தில் தெரியவில்லை.

"பயப்படாதீங்க, நான் பைத்தியம் இல்ல" என்றார் அவரே. "மண்டாய் சுடுகாட்டுல எம் பையன்தான் கொள்ளி வெச்சான், கண்ணால பாத்தேன். பதினாறாம் நாள் காரியம் பண்ணியாச்சு. காரியம் முடிஞ்சா போயிடணும் தங்கச்சி. வாசல்ல நிக்கக்கூடாது. ஆனா தெனம் காலையில யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க, நான் தொறக்காம உக்காந்திருக்கேன். அது என்னால தாங்க முடியல." பிறகு, "ஒரே ஒரு தடவை நான் அந்த நம்பரைச் சொல்லிடறேன். உள்ள போயிடட்டும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றார்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வருடம் முழுவதும் சுவரொட்டி ஒட்டுகிறவள் நான். சொன்னவர்களைத் திட்டியும் இருக்கிறேன். சரிக்கா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சந்தித்தோம். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சாப்பாட்டுக்கடை. வெளியே விடுமுறைக் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. தரையில் பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்து ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எனக்கு முன்பே வந்து சுவரோர மேசையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் கைப்பை. பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வெல்டர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அந்த அம்மா அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். என்ன தேடினாரோ, அது இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஏமாற்றமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ஆச்சுக்கா."

"எந்த ஊரு?"

சொன்னார். "கோயில்?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர் குலசாமியின் பெயரைச் சொன்னார், அதாவது தன் பெயரைத்தான் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் அதே கோயில்தான். அப்ப நீங்க பங்காளி. அவரு போனப்ப உங்களுக்கும் தீட்டு உண்டு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டீங்களா?"

"தெரியாதே அண்ணி. நான் அப்ப ஊர்ல இருந்தேன்" என்றார் அவர், ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல. அக்கா எப்போது அண்ணியானார் என்று இருவருமே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மென்பொருள் செய்த கூத்தை இவர்கள் இரண்டே கேள்வியில் உறவாக்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப உள்ள போய்ப் பாருங்க அண்ணே" என்றேன். அவர் தன் கைபேசியில் பெயரைத் தட்டி அழுத்தினார்.

கைப்பைக்குள் அதிர்ந்தது. பகல் வெளிச்சம், சுற்றிலும் அத்தனை சனம், தட்டுகள் மோதும் சத்தம். அப்படியும் எங்கள் மூவருக்கும் அந்த அதிர்வு மட்டும்தான் கேட்டது. அந்த அம்மா கைபேசியைக் கைக்குட்டையோடு வெளியே எடுத்தார். கண்ணாடி போட்டுப் படிக்கப் போனார், முடியவில்லை. எண்கள் காலாவதியாகிவிட்டன. இப்படித்தான் அந்த வாரம் முழுவதும் அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு நாளும் காலாவதியாகியிருக்கின்றன.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றார்.

இந்த முறை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்போல, அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். கடைசி எண்ணைச் சொல்லும் முன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். சொன்னார்.

திரை திறந்தது. நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம், அந்தப் பெயர், அதன்கீழ் நீங்கள் மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை எல்லோருக்கும்தான் போடுகிறது. வெல்டர் என்னைப் பார்த்தார்.

"உள்ள போயாச்சா?" அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"போயிட்டேன் அண்ணி."

"கஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி. நல்லபடியாப் போயிட்டேன்."

யார் யாரைக் கேட்டார்கள், யார் யாருக்காகப் பதில் சொன்னார்கள் என்று நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் பால் கலக்காத தே ஓ சொன்னார். குடித்தோம். பட்டறையில் வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு கவசம் போடச் சொல்லி அவருக்குப் புத்தி சொன்னார். பிறகு பூ வாங்க வேண்டும் என்று எழுந்துபோனார்.

திங்கட்கிழமை காலை பழைய கணக்கை அழித்தேன். நிச்சயமாகவா என்று மென்பொருள் இரண்டு முறை கேட்டது. எங்கள் வழக்கப்படி இறந்தவருக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் கவசப் புகைப்படம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே பெயரில் புதிய கணக்கு வந்தது, புதிய எண்ணோடு, படமில்லாத சாம்பல் நிற வட்டத்தோடு. மாலைக்குள் வெல்டர் பாடத்தை முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை கப்பலில் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் இருந்தேன்.

அதே காலையில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சின்னத் திரையில் இந்த முறை பெயர் வரவில்லை. எண் மட்டும்தான் வந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

"தங்கச்சி, இன்னிக்கும் வரலை."

"வராதுக்கா" என்றேன்.

"தெரியும். அதான் உள்ள போயிட்டாரே, அப்புறம் எதுக்கு வரப்போகுது."

அவர் போனை வைக்கவில்லை.

"இருந்தாலும் சார்ஜ் போட்டுப் பக்கத்துலயே வெச்சிருந்தேன்" என்றார்.